ஆட்சேபம் உண்டா?

குட்டி ரயிலின் கதவு மூடுவதற்குள் மார்னி ஹாகன் உள்ளே பாய்ந்துவிட்டாள். ஒரு காலணி கழன்று நடைமேடையிலேயே நின்றது. கதவைக் காலால் தடுத்து, எட்டி அதை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். எதிர் இருக்கையில் இருந்த இரண்டு இராணுவ அதிகாரிகள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். செனட் அலுவலகக் கட்டடத்துக்கும் சபைக்கும் இடையே பூமிக்கடியில் ஓடுகிற அந்த ரயிலில் போவதைவிட நடந்தே சீக்கிரம் போய்விடலாம் என்று அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவசரம் என்றால் எல்லோரும் அதில்தான் ஏறுவார்கள்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நேரம் கிடைத்துவிட்டது! கட்சித் தலைவரின் அறையிலிருந்து இப்போதுதான் தகவல் வந்தது. மதியத்துக்கு மேல், தபால் நிலையங்களுக்குப் பெயர் வைக்கும் மசோதாக்களோடு சேர்த்து, அவள் வேலை பார்க்கும் செனட்டர் ஓஸ்டர் எழுந்து, தன் மசோதாவை நிறைவேற்றக் கேட்டுக்கொள்ளலாம். கேட்க மட்டும்தான். கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

மசோதா சின்னது. சீனாவை இனி எந்த உலக அமைப்பும் ‘வளரும் நாடு’ என்ற வரிசையில் வைத்துச் சலுகை கொடுக்கக் கூடாது; அதற்காக அமெரிக்கத் தூதர்கள் அந்தந்த அமைப்பில் எழுந்து பேச வேண்டும், வாக்களிக்க வேண்டும்; அவ்வளவே. கீழவை அதை ஓர் எதிர்ப்புக்கூட இல்லாமல் நிறைவேற்றி அனுப்பிவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டது. செனட் ஒரு வார்த்தையும் மாற்றாமல் சம்மதித்தால் நேரே அதிபரின் மேசைக்குப் போய்விடும். இன்று மாலை சபை கலைகிறது. கலைந்தால் நிறைவேறாததெல்லாம் செத்துப்போகும். ஜனவரியில் கூடும் புதிய காங்கிரஸ் சபைகளில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், தொடங்குவதற்கு செனட்டர் வெண்டெல் ஓஸ்டர் இருக்க மாட்டார். அவர் ஓய்வு பெறுகிறார். அவருடைய அறையில் சுவரிலிருந்த படங்களெல்லாம் ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டன.

அந்த மசோதாவின் ஒவ்வொரு வரியையும் எழுதியவள் மார்னி. வாஷிங்டனில் பத்து வருஷம் காப்பி குடித்துவிட்டு, ஒரு சட்டத்தில் ஒரு வரிகூடச் சொந்தமில்லாமல் ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் ஒருத்தியாகத் திரும்ப அவளுக்கு மனசில்லை. விஸ்கான்சினில் அவள் அப்பா மீன் தூண்டில் செய்து விற்றவர். ஷென்ஜெனிலிருந்து ஒரு தூண்டில் பொட்டலம் அவர்கள் ஊருக்கு வந்து சேர ஆகும் தபால் செலவு, அவர் பக்கத்து ஊருக்கு அனுப்புகிற செலவைவிடக் குறைவாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஏனென்றால் தபால் ஒப்பந்தத்தில் சீனா ஏழை நாடு. அந்தக் கட்டணத்தை அப்புறம் மாற்றிவிட்டார்கள். அதற்குள் அப்பா பட்டறையை மூடிவிட்டு ஒரு கடையில் பெயின்ட் விற்கப் போய்விட்டார். இந்தக் கதை தெரிந்த உதவியாளர்கள் எல்லோரும் மசோதாவை ‘தூண்டில் சட்டம்’ என்று கேலி செய்தார்கள். செய்யட்டுமே!

தடை ஒன்றே ஒன்றுதான். நூறு செனட்டர்களில் தொண்ணூற்றொன்பது பேர் சரி என்றாலும் ஒருவர் ‘முடியாது’ என்றால் அவ்வளவுதான்; கடைசி நாளில் விவாதத்துக்கும் வாக்கெடுப்புக்கும் நேரம் ஏது, எல்லாம் ஏகமனதான சம்மதத்தில்தான் போகும். அந்த ஒருவர் நெப்ராஸ்காவின் டிரேக் லாண்டிஸ். அவருடைய உதவியாளன் கோல்பி ரீஸ், ரயிலின் அடுத்த பெட்டியிலிருந்து கையை ஆட்டினான்.

இறங்கியதும் மார்னி அவனை மடக்கினாள்.

“கோல்பி, எங்களுக்கு நேரம் குடுத்துட்டாங்க. இன்னிக்கு மதியம். முறைப்படி உன்கிட்ட சொல்லிட்டேன், ஆமா? அப்புறம் சொல்லலைன்னு சொல்லாத.”

“சொல்லிட்டம்மா, சொல்லிட்ட. காது நல்லாவே கேக்குது.”

“உங்காளைத் தடையை எடுக்கச் சொல்லேன். கெஞ்சிக் கேக்குறேன்டா.”

“நீ கெஞ்சினா அழகா இருக்கு, இன்னும் கொஞ்சம் கெஞ்சு.” அவன் லிஃப்ட் பொத்தானை அழுத்தினான். “ஒண்ணு சொல்லு. நீங்க இங்க ஒரு சட்டம் போட்டா, பெய்ஜிங்ல இருக்கிறவங்க ‘சரிங்க அக்கா’ன்னு எழுந்து பெரிய பசங்க பெஞ்சுல போய் உக்காந்துடுவாங்களா?”

“உக்கார மாட்டாங்க. அதுக்காக நாமளே சின்னப் பசங்க பெஞ்சைத் துடைச்சுக் குடுக்கணுமா? நிலாவுக்கு ராக்கெட் விடுறாங்க, ஊர் ஊரா துறைமுகம் கட்டுறாங்க, கடன் குடுக்குறாங்க. சலுகைன்னு வரும்போது மட்டும் ‘ஐயா, நாங்க ஏழைங்க’!”

“அங்க இன்னும் கோடிக்கணக்கான பேர் கஷ்டப்படுறாங்கடி.”

“உங்காளு அவங்களுக்காகவா தடை போட்டாரு? பன்னிக்காகப் போட்டாரு.”

கோல்பி சிரித்துவிட்டான். அது உண்மை. நெப்ராஸ்காவின் பன்றி இறைச்சியையும் சோயாவையும் சீனாக்காரர்கள் கப்பல் கப்பலாக வாங்குகிறார்கள். கோபம் வந்து அவர்கள் வாங்குவதை நிறுத்திவிட்டால் லாண்டிஸ் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. அதனால் மசோதாவில் விவசாயப் பொருளுக்கு ஒரு விலக்கு சேர்க்கச் சொன்னார். சேர்த்தால் வார்த்தை மாறிவிடும், மாறினால் கீழவை மறுபடி நிறைவேற்ற வேண்டும், கீழவையிலோ ஈ காக்கை இல்லை. அதை மார்னி ஒரு மாதமாக அவரிடமும் இவனிடமும் தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

“ஒரு நல்ல செய்தி சொல்லட்டா?” என்றான் கோல்பி, லிஃப்டுக்குள். “இன்னிக்கு மதியம் தலைமை நாற்காலியில உக்காரப் போறதே எங்காளுதான். மத்தவங்கெல்லாம் விமானத்தைப் பிடிக்க ஓடிட்டாங்க. எழுந்து வந்துகூட மறுக்க வேண்டாம். உக்காந்த இடத்துலயே ‘முடியாது’ன்னுடுவாரு. உனக்கும் வலிக்காது, அவருக்கும் வலிக்காது.”

சபைக்குத் தலைமை தாங்குவது புதிதாக வந்த செனட்டர்களின் தலையில் கட்டப்படும் சள்ளை பிடித்த வேலை. பெரியவர்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவரும் செனட்டர்தான். அங்கிருந்தபடியே தன் மாநிலத்தின் பெயரால் ஆட்சேபம் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அவர் விமானத்தைப் பிடிக்கப் போய்விடுவார், மறுக்க ஆள் இருக்காது என்று அவள் ரகசியமாக நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கை லிஃப்ட் முதல் மாடியைத் தாண்டுவதற்குள் போய்விட்டது.

ஆனாலும் கால் தரையில் நிற்கவில்லை. தோற்றாலும் சபையில் தோற்போம், எல்லோர் காதும் கேட்கத் தோற்போம் என்று ஒரு வெறி. அதற்காக ஓஸ்டருக்கு ஓர் உரை எழுதி வைத்திருந்தாள். அனல் பறக்கும் உரை. அதைத் தனியாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் படித்துப் பார்த்து, தானே கண் கலங்கியவள் அவள்.

ஓஸ்டர் சபையை ஒட்டிய கட்சி ஓய்வறையில் அவருடைய உயரத்துக்கு ஒத்துவராத ஒரு சோபாவில் உட்கார்ந்து பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தார். அரசியலுக்கு வருமுன் மாட்டு வைத்தியர். ஆறடிக்கு மேல் உயரம், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரே சுருதியில் பேச்சு. அந்தக் குரலைக் கேட்டுக் கன்றுக்குட்டிகள் அமைதியாகும் என்பார்கள், செனட்டர்கள் தூங்கிவிடுவார்கள்.

“சார், நேரம் குடுத்துட்டாங்க! ஆனா நாற்காலியில லாண்டிஸ்.”

“அப்படியா? பாவம், அவனை நல்லா மாட்டி விட்டுட்டாங்க.”

“பாவமா? சார், நம்ம மசோதாவைக் கொல்றதே அவருதான்!”

“தெரியும்மா. போவோம், கேப்போம், இல்லைன்னுவான், வருவோம்.” அவர் உரையை வாங்கிப் புரட்டினார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். புருவத்தைத் தூக்கினார். “நல்லா எழுதியிருக்க. ரொம்ப நல்லா எழுதியிருக்க.”

மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“சார்?”

“சபையில ஆளே இல்லையேம்மா. காலி நாற்காலிங்களுக்கா கத்தச் சொல்ற? எனக்கும் தொண்டை சரியில்லை. கோரிக்கையை மட்டும் படிச்சிடுறேன்.”

கடைசி நாள், கடைசி வாய்ப்பு, அவள் உயிரைக் கொடுத்து எழுதியது கோட்டுப் பைக்குள். தூண்டில், அப்பா, ராக்கெட், எல்லாம் உள்ளே போய்விட்டது. வெளியே மிஞ்சியது ‘மசோதா எண் இன்னது’ என்று தொடங்கும் வறட்டுக் கோரிக்கைதான். கோபத்தில் அவருடைய சூப் கிண்ணத்தை அவளே எடுத்துக்கொண்டுபோய் மேசையில் டொக்கென்று வைத்தாள். அதற்கு மேல் என்ன செய்வாள்?

சபையில் உண்மையிலேயே ஆளில்லை. ஒரு பக்கம் கட்சியின் சார்பில் காரியங்களை நடத்தும் செனட்டர் ஒருவர், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, தபால் நிலையங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் ஒரே ஒரு பெண் செனட்டர், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மாடத்தில் சுற்றுலா வந்த சிலர். பத்திரிகை மாடத்தில் ஒரே ஒரு நிருபர், கன்னத்தில் கை. மார்னியும் கோல்பியும் உதவியாளர்களுக்கான சுவரோரப் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. உதவியாளர்கள் அங்கே வாயைத் திறக்கக் கூடாது. தும்மினால்கூட வாயிற்காவலர் முறைப்பார்.

மேலே தலைமை நாற்காலியில் டிரேக் லாண்டிஸ். அவர் முன்னால் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. தலைமை தாங்குகிற புதியவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. நேரம் வீணாகாமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவது. என்ன சொல்ல வேண்டும் என்று அவர்கள் யோசிக்கத் தேவையில்லை. நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் விதி அதிகாரி தலையை லேசாகத் திருப்பி முணுமுணுப்பார். மேலே இருப்பவர் அதை உரக்கச் சொல்வார். லாண்டிஸுக்கு இப்போது அந்த முணுமுணுப்பும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு தபால் நிலையத்துக்கும் பேனா ஓட ஓட அவர் வாய் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது.

“ஆட்சேபம் உண்டா? ஆட்சேபம் இல்லை. அப்படியே ஆகட்டும்.”

ஓர் அட்டை. அடுத்த தபால் நிலையம்.

“ஆட்சேபம் உண்டா? ஆட்சேபம் இல்லை. அப்படியே ஆகட்டும்.”

இன்னோர் அட்டை. ஓக்லஹோமாவில் ஒரு தபால் நிலையம், ஐடஹோவில் ஒன்று, தேனீக்களைக் கொண்டாட ஒரு வாரம். கோல்பி மார்னியின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தான்.

“தேனீக்குக் கூட கிடைச்சிடுச்சு. உனக்குத்தான் கிடைக்காது.”

“மூடு.”

ஓஸ்டர் எழுந்தார். எழுந்ததே தெரியவில்லை, அவர் எழுவது எப்போதும் அப்படித்தான், தவணை தவணையாக. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கிணற்றுக் குரல் தொடங்கியது.

“தலைவர் அவர்களே, நிகழ்ச்சி நிரலில் உள்ள இந்த எண் கொண்ட கீழவை மசோதாவை சபை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏகமனதான சம்மதம் கோருகிறேன்.”

குமாஸ்தா மசோதாவின் தலைப்பைப் படித்தார். ‘சில உலக அமைப்புகளில் வெளியுறவு அமைச்சர் எடுக்க வேண்டிய சில நடவடிக்கைகள் குறித்தும் பிற நோக்கங்களுக்காகவும்’ என்று நீண்ட அந்தத் தலைப்பில் சீனா எந்த மூலையில் வந்துபோனது என்று எழுதிய மார்னிக்கே காதில் விழவில்லை. வாஷிங்டனில் தலைப்புகள் யாரும் கேட்கக் கூடாது என்றே எழுதப்படுகின்றன. அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள், வழக்கப்படி.

ஓஸ்டர் மூச்சு விடாமல் தொடர்ந்தார். “மசோதா மூன்றாம் முறை படிக்கப்பட்டு நிறைவேறியதாகவும், மறுபரிசீலனைக்கான கோரிக்கை இனி எழ வழியில்லாமல் முடித்துவைக்கப்பட்டதாகவும் கருத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.”

மார்னி கண்ணை மூடிக்கொண்டாள். முடியாது என்கிற சொல் வந்து விழப் போகிறது. விழட்டும், சீக்கிரம் விழுந்து தொலையட்டும்.

லாண்டிஸின் பேனா ஓர் அட்டையின் மூலையில் சுழித்துக் கோடு இழுத்தது.

“ஆட்சேபம் உண்டா? ஆட்சேபம் இல்லை. அப்படியே ஆகட்டும்.”

அட்டையை ஓரமாக வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

மார்னி கண்ணைத் திறந்தாள். என்ன நடந்தது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் விதி அதிகாரியைப் பார்த்தாள். அந்த அம்மாள் மெல்ல, மிக மெல்லத் தலையைத் திருப்பி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். முணுமுணுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. பிறகு கோல்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் இரத்தம் இல்லை.

நிறைவேறிவிட்டது! சட்டம்! அவளுடைய வரிகள்! உள்ளே ஏதோ ஒன்று குதித்துக் கூரையில் இடித்தது. நாற்காலிகள், விளக்குகள், தரை விரிப்பிலிருந்த நீலப் பூக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பளிச்சென்று தெரிந்தன. சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டாள். அந்த உரையைப் படித்திருந்தால், தூண்டிலும் ராக்கெட்டும் சபையில் முழங்கியிருந்தால், நாற்காலியிலிருந்த மனுஷன் தலையைத் தூக்கிப் பார்த்திருப்பார் என்று நினைத்தபோது அவளுக்கு ஓஸ்டரின் கோட்டுப் பையைக் கும்பிடலாம் போலிருந்தது.

கோல்பி எழுந்து ஓடினான். வாயிற்காவலர் அவன் தோளில் கை வைத்தார். அவன் கையைத் தட்டிவிட்டு, குனிந்தபடி, நாற்காலியின் பக்கவாட்டுப் படியில் ஏறி லாண்டிஸின் காதருகே போனான். லாண்டிஸ் தலையை ஆட்டிக் கேட்டார். ஆட்டுவது நின்றது. பேனா விழுந்து மரப்படியில் உருண்டது. பத்திரிகை மாடத்து நிருபர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

லாண்டிஸ் விதி அதிகாரியிடம் குனிந்து ஏதோ கேட்டார். அந்த அம்மாளின் உதட்டசைவு மட்டும் தெரிந்தது. தலை இடமும் வலமும் அசைந்தது. கொஞ்சம் யோசித்து மறுபடி எதையோ சொன்னார். லாண்டிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நெப்ராஸ்காவின் செனட்டர் என்ற முறையில், சற்றுமுன் மசோதா நிறைவேறியதை ரத்து செய்ய ஏகமனதான சம்மதம் கோருகிறேன்.”

அப்படியொரு வழி உண்டு. தவறிப் போனதை எல்லோரும் சம்மதித்துத் துடைத்துவிடலாம். அந்த சபையில் அதை யாரும் யாருக்கும் மறுத்ததாக யாருக்கும் நினைவில்லை. இன்று உன் கால் வழுக்கினால் நாளை என் கால் வழுக்கும் என்ற கணக்கு. ஓஸ்டர் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், மசோதா செத்துவிடும்.

கோல்பி பெஞ்சுக்குத் திரும்பி, மூச்சு வாங்க உட்கார்ந்தான். “உங்காளு விட்டுக் குடுத்துடுவாரு,” என்றான் கிசுகிசுப்பாக. “அவரு யாருக்குத்தான் விட்டுக் குடுக்கல? மன்னிச்சுடு மார்னி. நிஜமாத்தான் சொல்றேன்.”

அவன் சொன்னது உண்மை என்பதுதான் அவளைக் கொன்றது. ஓஸ்டர் சபையிலேயே மரியாதைக்குப் பெயர் போனவர். அவருடைய பிரிவு விருந்தில் எதிர்க்கட்சிக்காரர்கள்தான் அதிகம் அழுதார்கள். ஓஸ்டர் இருந்த இடத்திலிருந்தே திரும்பி அவளைப் பார்த்தார். விரலால் வா என்றார்.

அவள் போய் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உதவியாளர்கள் அங்கே அப்படித்தான் உட்கார வேண்டும்.

“என்னம்மா சொல்ற? பாவம், தெரியாம சொல்லிட்டான்.”

“சார்…” மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நாம ஒளிச்சு செய்யலை சார். காலையிலேயே சொல்லிட்டேன். என்ன மசோதா, எப்ப வரும், எல்லாம். நீங்க எழுந்து நின்னு படிச்சீங்க. அவரு கேக்கலை.”

“அது சரிதான்.”

“அவரு உங்ககிட்ட கேக்குறது மன்னிப்பு இல்ல சார். நாம இதுக்கு உழைச்ச மூணு வருஷத்தை.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு மேல் சொன்னால் கெஞ்சலாகிவிடும். ஒரு மரியாதைக்கார மனுஷனை, அவர் வேலையின் கடைசி மத்தியானத்தில், மரியாதையை விடுங்கள் என்று கேட்பது நியாயமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. அவ்வளவு வேண்டும்.

“அவன் சின்னப் பையன்,” என்றார் ஓஸ்டர், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

“சார், அவருக்கு ஐம்பத்தெட்டு வயசு!”

ஓஸ்டரின் வாயோரம் கொஞ்சம் கோணியது. மேலே லாண்டிஸ் பொறுமையிழந்திருந்தார். நாற்காலியில் முன்னால் நகர்ந்து, பல் தெரியச் சிரித்து, சபைக்கு ஒவ்வாத வீட்டுப் பேச்சில் இறங்கினார்.

“வெண்டெல், விஷயம் ஒண்ணுமில்ல. நான் புதுசு. இந்த முறையெல்லாம் இன்னும் பழகிட்டிருக்கேன். புதுசா வந்தவனுக்கு நம்ம சபையில எப்பவும் ஒரு சலுகை உண்டே. நீங்கெல்லாம் பெரியவங்க, பார்த்து விட்டுக் குடுங்க.”

மார்னி தலையை நிமிர்த்தினாள். ஓஸ்டர் அந்தக் கடைசி வார்த்தைகளை வாயில் போட்டு மெல்லுகிற மாதிரி இருந்தது. பிறகு தவணை தவணையாக எழுந்தார். இந்த முறை எல்லோரும் பார்த்தார்கள்.

“ஆட்சேபிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு, தலைவரிடம் ஒரு சந்தேகம் கேட்கலாமா?”

“கேளுங்க, கேளுங்க.”

“நெப்ராஸ்கா உறுப்பினர் இங்க வந்து எவ்வளவு நாளாச்சு?”

“ரெண்டு வருஷம்… ஆகப் போகுது.”

“அதுக்கு முன்னால கவர்னரா இருந்தீங்க.”

“எட்டு வருஷம்.” லாண்டிஸின் குரலில் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது, அவரால் அதை அடக்க முடியவில்லை.

“அதுக்கும் முன்னால?”

“எங்க மாநிலத்துலயே பெரிய தீவனக் கம்பெனி. நானே ஆரம்பிச்சது.”

“நல்லது.” ஓஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, ஏற்ற இறக்கம் இல்லாமல். “இவ்வளவு பெரிய ஆளு, தம்பி, இன்னும் எத்தனை நாளைக்குப் புதுசு?”

பத்திரிகை மாடத்தில் நிருபர்தான் முதலில் சிரித்தார். பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பெண் செனட்டர், வாயைப் பொத்திக்கொண்டு. பெட்டிக்காரச் செனட்டர் குனிந்து பெட்டியின் பூட்டைச் சரிபார்ப்பது போல முகத்தை மறைத்தார். தோள் மட்டும் குலுங்கியது. லாண்டிஸ் சிரிக்கவில்லை. காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

“ஆட்சேபிக்கிறேன்,” என்றார் ஓஸ்டர். உட்கார்ந்துவிட்டார்.

சபை அப்படியே நின்றது. ஏனென்றால் இனி ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. அதை நாற்காலியில் இருப்பவர்தான் சொல்லியாக வேண்டும், வேறு யாரும் சொல்ல முடியாது. விதி அதிகாரி தலையைத் திருப்பி முணுமுணுத்தார். லாண்டிஸ் கேட்காத மாதிரி அட்டைகளைப் பார்த்தார். அதிகாரி மறுபடி, கொஞ்சம் சத்தமாகவே முணுமுணுத்தார். மேசைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்த மார்னி மூச்சையே விடவில்லை. சொல், சொல், சொல்லித் தொலை என்று அவள் உதடு தானாக அசைந்தது.

லாண்டிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன இருந்தாலும் அவரும் அந்த சபையின் ஆள்தான்.

“ஆட்சேபம் எழுந்தது. நெப்ராஸ்கா உறுப்பினரின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. மசோதா நிறைவேறியது நிறைவேறியதுதான்.”

சபையின் நட்ட நடுவில், விஸ்கான்சின் தூண்டில்காரரின் மகள் “ஹா!” என்று கத்திவிட்டாள். சுவர் முழுக்க எதிரொலித்தது. வாயிற்காவலர் விறுவிறுவென்று நடந்து வந்து, இப்போதே வெளியே போ என்று கதவைக் காட்டினார். மார்னி எழுந்தாள், மரத்துப்போன கால் மடங்கி மேசைமேல் சாய்ந்தாள், மறுபடி எழுந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிவதைத் துடைக்கவும் தோன்றவில்லை. ஓஸ்டர் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, “போம்மா, போ, வெளியில போய் நல்லாக் கத்து,” என்றார். வெளியேற்றப்படுவது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.